சிவப்பு மையில் போட்ட பூஜ்யம்

2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் கரைபுரண்டு வந்து மணலி புதுநகருக்குள் புகுந்தது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவுத் தண்ணீர். வடிந்த பிறகு, பீரோவின் அடித்தட்டில் ஊறிக் கிடந்ததையெல்லாம் மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்தோம். பட்டா நகல், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட், கூடவே சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு விடைத்தாள். நான் இங்கே கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய காலத்துத் தாள்கள் அவை. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியதால் தண்ணீர் பட்டும் எழுத்து அழியவில்லை. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு தாளின் மேலும் ஒரு செங்கல் துண்டை வைத்துக்கொண்டே வந்தபோதுதான் அந்தத் தாள் கையில் வந்தது.

கேள்வி சின்னது. ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, வாங்கி, அதன் நீளத்தைக் கண்டுபிடித்து, தலைகீழாக அச்சிட வேண்டும். அந்தப் பெண் நீளத்துக்கு ஸ்டர்லென் என்ற இன்பில்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தாள். ஒரே வரி. மிச்சமெல்லாம் சரி, விடையும் சரி. குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுத்து, ‘பாயிண்டர் எங்கே?’ என்று எழுதி, ஐந்துக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். என் கையெழுத்து. மாடியில் வெயிலில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்றைக்கோ எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

சென்டர் மார்க்கெட் பக்கம், முதல் மாடி. எட்டு மெஷின், அதில் எப்போதும் ஆறுதான் வேலை செய்யும். ஆலைத் தொழிலாளர்களுக்கென்று திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. உர ஆலையிலும் சுத்திகரிப்பு ஆலையிலும் ஷிஃப்ட் பார்க்கிறவர்களின் பிள்ளைகள், ட்ரெய்லர் டிரைவர்களின் பிள்ளைகள், தெற்கே நெல்லை, குமரிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர்களின் பிள்ளைகள், இவர்கள்தான் என்னிடம் படித்தார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். நான் சொன்னதைச் சரிபார்க்க வீட்டில் ஆள் கிடையாது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பெரிய கல்லூரியில் இந்தப் பேச்சைப் பேசியிருந்தால் யாராவது ஒரு மாணவன் மறுநாளே மடக்கியிருப்பான். இங்கே என் சொல்லுக்கு எதிர்ச்சொல் இருக்கவில்லை. அது தெரிந்துதான் பேசினேன்.

என்ன பேசினேன்? சி மொழியில் ஸ்ட்ரிங் வேலை எதுவானாலும், மெமரி முகவரியைப் பிடித்துக்கொண்டு நகரும் பாயிண்டரால் செய்வதுதான் வேகம், இன்பில்ட் ஃபங்ஷன் எல்லாம் மெதுவானது என்றேன். ‘ஃபங்ஷனைக் கூப்பிடுறவன் அடுத்தவன் சமையலைச் சாப்பிடுறவன், ஸ்டார் பி பிளஸ் பிளஸ் எழுதுறவன்தான் புரோகிராமர்’ என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் சொன்னேன். பிள்ளைகள் அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

இந்த எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் பார்த்தேன். கெர்னிகனும் ரிச்சியும் சேர்ந்து எழுதி 1978-ல் வெளிவந்த சி புத்தகத்தில், பாயிண்டர் கொண்டு எழுதினால் பொதுவாக வேகமாக ஓடும் என்ற பொருளில் ஓர் இடம் உண்டு. நான் படித்தது உண்மை. ஆனால் அவர்கள் அங்கே பாயிண்டரை ஒப்பிட்டது அரேயில் சப்ஸ்கிரிப்ட் என்ற இட எண்ணைப் போட்டு எடுக்கும் முறையோடு. இன்பில்ட் ஃபங்ஷன்களைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. பாதி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை நானே எழுதிக்கொண்டேன். அந்தக் கால கம்பைலர்களும் எளியவை. ஐந்தாவது எழுத்து எங்கே என்று ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து கணக்குப் போட்டு முகவரி கண்டுபிடிக்கும். பாயிண்டரை ஒரு படி நகர்த்தினால் அந்தக் கணக்கு மிச்சம். அந்த மிச்சத்துக்கு அன்று மதிப்பு இருந்தது. இன்றைய கம்பைலர் அதைத் தானே செய்துவிடுகிறது. சப்ஸ்கிரிப்ட் போட்டு எழுதினாலும் பாயிண்டர் போட்டு எழுதினாலும் பெரும்பாலும் ஒரே மெஷின் கோடுதான் வெளியே வரும்.

இன்னொரு தவறும் சொல்லிக்கொடுத்தேன். பிளஸ் பிளஸ் என்ற குறி பிடிபி-11 கம்ப்யூட்டரின் ஒரு கட்டளைக்காகவே உருவானது, அதனால்தான் அவ்வளவு வேகம் என்று போர்டில் படம் போட்டு விளக்குவேன். அந்தக் குறியை கென் தாம்சன் சி-க்கு முந்தைய பி மொழியிலேயே வைத்துவிட்டார் என்றும், அப்போது பிடிபி-11 என்ற இயந்திரமே வரவில்லை என்றும் டென்னிஸ் ரிச்சியே பின்னால் எழுதியிருக்கிறார். கேட்டவர்கள் முகத்தில் ஒரு வியப்பு வரும் என்பதற்காகவே அந்தக் கதையைச் சொல்லிவந்தேன். சரியா என்று பார்த்ததில்லை.

அந்தத் தாளுக்குச் சொந்தக்காரப் பெண்ணுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். தாளை வாங்கிக்கொண்டு உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்: “சார், எவ்வளவு ஃபாஸ்ட்டுன்னு ஓட்டிப் பார்த்திருக்கீங்களா சார்?”

திமிரில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முகத்தில் அது தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நான் சொன்னேன்: “ஏம்மா, ஒரு லைன்ல சோலியை முடிச்சிட்டு கேள்வி வேற கேக்கிறியா? பாயிண்டர் வரலைன்னா வரலைன்னு சொல்லு. டைப்பிங் கிளாஸ் கீழே இருக்கு, அங்கே போ.” மொத்த வகுப்பும் சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அந்தப் பாடம் முடியும்வரை தலை நிமிரவில்லை. அடுத்த தேர்வில் எல்லாவற்றையும் பாயிண்டரில் எழுதியிருந்தாள். நான் முழு மதிப்பெண் போட்டேன்.

அன்று இரவு எல்லோரும் போன பிறகு டர்போ சி கம்பைலரைத் திறந்தேன். நீலத் திரை. என் பாயிண்டர் லூப்பை ஒருமுறை, ஸ்டர்லென்னை ஒருமுறை, முன்னும் பின்னும் கிளாக் வைத்து ஓட்டினேன். இரண்டுக்கும் பூஜ்யம் என்று வந்தது. டாஸில் அந்தக் கடிகாரம் விநாடிக்குச் சுமார் 18 முறைதான் துடிக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 55 மில்லி விநாடி. ஒரு சிறு ஸ்ட்ரிங்கின் நீளத்தைக் கண்டுபிடிப்பது அந்த இடைவெளிக்குள் எங்கோ ஒரு மூலையில் முடிந்துவிடும். லட்சம் முறை திரும்பத் திரும்ப ஓட்டினால்தான் வித்தியாசம் தெரியும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஒரு ஃபார் லூப், இரண்டு நிமிட வேலை. நான் கையை கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டேன். மெஷினை அணைத்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். விடை என்ன வரும் என்று எனக்குப் பயம். இதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். அறியாமையால் தவறு செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஓட்டியிருந்தால் அன்றைக்கே தோற்றிருக்கக்கூடும். டர்போ சி-யின் ஸ்டர்லென்னை போர்லண்ட் நிறுவனம் அசெம்பிளியில் எழுதியிருந்தது. பூஜ்யம் வரும்வரை பைட்களைத் தேடிக்கொண்டு போக இன்டெல் சிப்பிலேயே ஒரு தனிக் கட்டளை உண்டு. அந்த ஃபங்ஷன் அதைப் பயன்படுத்தியது. என் லூப் ஒவ்வொரு பைட்டையும் எடுத்து, ஒப்பிட்டு, ஒன்று கூட்டி, மேலே தாவி, மறுபடி எடுத்து என்று நான்கு வேலை பார்த்தது. நான் மெதுவானது என்று சொன்ன பொருள் எனக்கு எதிரிலேயே, என் மெஷினிலேயே இருந்தது.

இதுவரை சொன்னது ஒரு பெண்ணுக்கும் சில பேட்ச் பிள்ளைகளுக்கும் செய்தது. அடுத்தது இதைவிடக் கனமானது.

சென்டர் வருமானம் போதாமல் வெளி வேலை எடுத்துச் செய்துவந்தேன். மணலியிலிருந்து மாதவரம் வரை கன்டெய்னர் யார்டுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அப்படி ஒரு யார்டில் கேட் புரோகிராம் எழுதிக்கொடுத்தேன். ட்ரெய்லர் வெளியே போகும்போது பெட்டி நம்பரையும் சீல் நம்பரையும் தட்டினால் சீட்டு அச்சாகி வரும். அதை எடுத்துக்கொண்டு டிரைவர் துறைமுகத்துக்குப் போவார்.

கன்டெய்னர் நம்பர் என்பது அழகான பொருள். உலகம் முழுக்க ஒரே விதி. முதலில் நான்கு எழுத்து, அதில் மூன்று பெட்டியின் சொந்தக்காரருக்கு, நான்காவது சரக்குப் பெட்டி என்பதைக் காட்டும் யு. பிறகு ஆறு இலக்கம். கடைசியில் ஒரு செக் டிஜிட். ஏ-க்கு 10, பி-க்கு 12 என்று, 11-ன் மடங்குகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு. இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று 512 வரை இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். மீதி 10 வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினாலும் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையை நான் ஒரே ஒரு பாயிண்டர் லூப்பில் எழுதினேன். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

நான்கும் ஆறும் ஒன்றும் பதினொன்று. சீட்டின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்சரில் பெட்டி நம்பருக்கு 11 பைட் ஒதுக்கினேன். அடுத்த ஃபீல்டு சீல் நம்பர். திரையில் தட்டியதை ஸ்ட்ரக்சருக்குள் நகலெடுக்க நானே ஒரு ஃபங்ஷன் எழுதினேன், பாயிண்டரில்தான். முதலில் எழுதியபோது நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு வரி அதில் இருந்தது. பிறகு, வேகம் குறைகிறது என்று அந்த வரியை எடுத்தேன். பதினொரு எழுத்தை நகலெடுக்கும் வேகம். வெளியே ட்ரெய்லர் நின்று, டிரைவர் இறங்கி, சீலைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுப் போகக் கால் மணி நேரம் ஆகிற ஓர் இடத்தில்.

சி-யில் ஸ்ட்ரிங் எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு பூஜ்ய பைட் வேண்டும். பதினொரு எழுத்துக்கு 12 பைட் வேண்டும். ‘பூஜ்யத்துக்கு ஓரிடம் விடு’ என்று ஒவ்வொரு வகுப்பிலும் நான் கத்தியிருக்கிறேன். என் ஸ்ட்ரக்சரில் விடவில்லை. பெட்டி நம்பரை நகலெடுத்தால் பன்னிரண்டாவதாக வரும் பூஜ்யம் எல்லையைத் தாண்டி சீல் நம்பரின் முதல் பைட்டில் போய் விழும். சாதாரணமாக இது வெளியே தெரியவில்லை. ஏனென்றால் ஆபரேட்டர் பெட்டி நம்பரை முதலில் அடிப்பான், சீல் நம்பரை அடுத்து அடிப்பான், அது அந்தப் பூஜ்யத்தின் மேலேயே எழுதிக்கொள்ளும். அச்சில் பெட்டி நம்பர் 11 எழுத்தோடு நிற்கும்படி நான் வரம்பு வைத்திருந்ததால் அங்கேயும் வழியவில்லை.

ஆனால் ஆபரேட்டர் பெட்டி நம்பரில் ஒரு பிழை செய்துவிட்டால்? இரண்டையும் அடித்து முடித்தபின் செக் டிஜிட் சோதனை பிழையைச் சொல்லும். அவன் மேலே போய் பெட்டி நம்பரை மட்டும் திருத்துவான். உடனே பூஜ்யம் சீலின் தலையில் விழும். முதல் பைட்டே பூஜ்யம் என்றால் அந்த ஸ்ட்ரிங் காலி. திரையில் பழைய சீல் நம்பர் அப்படியே தெரியும். சீட்டில் அந்த இடம் வெறுமையாக வரும்.

ஓர் இரவு அப்படி ஒரு சீட்டு போனது. துறைமுக கேட்டில் ட்ரெய்லரை நிறுத்திவிட்டார்கள். எண்ணூர் சாலையில் திருவொற்றியூர் தாண்டி வரிசை நிற்கும் நாட்கள் அவை. வரிசையிலிருந்து வெளியே எடுத்தால் மறுபடி வால் நுனிக்குத்தான் போக வேண்டும். அந்த டிரைவர் இரவு முழுவதும், மறுநாள் மத்தியானம் வரைக்கும் நின்றார்.

யார்டில் விசாரணை. கேட்டில் இருந்த பையனுக்கு இருபது, இருபத்தொரு வயது. சீல் நம்பரை அடித்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மேனேஜர் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். இன்னும் இரண்டு சீட்டில் சீல் இல்லை. மூன்றும் அவன் பிழை செய்து திருத்திய சீட்டுகள். ‘இவன் கவனமா வேலை செய்யலை’ என்று முடிவாகிவிட்டது. ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்து, கேட்டிலிருந்து மாற்றி, வெயிலில் நின்று டேலி எடுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள்.

என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு. வீட்டுக்குப் போய், அவன் செய்தது போலவே தப்பாக அடித்துத் திருத்தி, வாட்ச் விண்டோவில் சீல் ஃபீல்டைப் பார்த்தேன். முதல் பைட் பூஜ்யம். கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்ட்ரக்சரில் 11 என்று இருந்ததை 12 என்று மாற்றினேன். மாறியது ஒரே ஓர் இலக்கம்.

மறுநாள் மேனேஜரிடம் ஃப்ளாப்பியைக் கொடுத்துச் சொன்னேன்: “இனிமே பிரச்சினை வராது சார். ஆபரேட்டர் தப்பா அடிச்சாலும் தாங்குற மாதிரி மாத்திட்டேன்.”

இந்த வாக்கியத்தை எத்தனையோ இரவுகளில் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறேன். அதில் ஒரு சொல்லும் நேரடிப் பொய் இல்லை. முழுவதுமாக ஒரு பொய். பையன் மேல் ஏற்கெனவே இருந்த பழியை ஆணி அடித்து நிறுத்தினேன். மேனேஜர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வெளியே வரும்போது அவன் பெட்டிகளுக்கு நடுவே அட்டையும் பேனாவுமாக நின்று நம்பர் குறித்துக்கொண்டிருந்தான். “வணக்கம் சார்” என்றான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். ஸ்டர்காப்பி என்ற இன்பில்ட் ஃபங்ஷனைப் போட்டிருந்தாலும் இதே விபத்துதான் நடந்திருக்கும். அதுவும் எல்லை பார்க்காது, பூஜ்யம் வரும்வரை கொட்டிக்கொண்டே போகும். ஆகவே பாயிண்டர் கெட்டது, இன்பில்ட் நல்லது என்று இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்து பேச எனக்கு உரிமை இல்லை. குற்றம், இல்லாத ஒரு வேகத்துக்காக இருந்த காவலை நான் எடுத்தது. அந்த வேகம் இருக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் எடுத்தது.

விடைத்தாள் காய்ந்த மறுநாள் மகனின் லேப்டாப்பை வாங்கி, ஜிசிசி கம்பைலரில் அந்தச் சோதனையை எழுதினேன். இருபது வருடத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டிய ஃபார் லூப். ஓட்டினேன். மறுபடியும் பூஜ்யம், இரண்டுக்கும்! ஒரு கணம் உடல் சில்லிட்டது. பிறகு புரிந்தது. கண்டுபிடித்த நீளத்தை நான் எதற்கும் பயன்படுத்தவில்லை. பயனில்லாத வேலை என்று கம்பைலர் மொத்த லூப்பையும் தூக்கி எறிந்திருக்கிறது. நீளங்களைக் கூட்டிக் கடைசியில் அச்சிடும்படி மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஸ்ட்ரிங்கில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டே ஓட்டிய பிறகு எண்கள் வந்தன.

பதினொரு எழுத்துப் பெட்டி நம்பருக்கு இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒருமுறை இது முந்தும், ஒருமுறை அது. பத்து லட்சம் எழுத்துள்ள ஸ்ட்ரிங்குக்கு ஸ்டர்லென் என் பாயிண்டர் லூப்பைப் பத்து மடங்குக்கும் மேல் தாண்டிப் போனது. ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டுக் கம்பைல் செய்தால் என் லூப் இன்னும் மோசமாகப் பின்தங்கியது. நான் ஒவ்வொரு பேட்ச்சிலும் சொன்னதற்கு நேர் எதிர்.

ஏன் என்று படித்தேன். லினக்ஸின் சி லைப்ரரியில் உள்ள ஸ்டர்லென் ஒரு பைட்டாக நடப்பதில்லை. பொதுவான பதிப்பே எட்டு பைட்டை ஒரே எண்ணாக அள்ளி, ஒரு கழித்தலாலும் சில பிட் கணக்காலும் அதற்குள் பூஜ்யம் ஒளிந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். இன்டெல் சிப்களுக்கென்று எழுதிய பதிப்புகள் 16 பைட், 32 பைட் என்று ஒரே மூச்சில் எடுக்கும். ஸ்ட்ரிங் முடிந்த இடத்துக்கு அப்பாலும் சில பைட் படிக்க வேண்டிவரும். அந்த இடம் நமக்குச் சொந்தமில்லாத மெமரி பக்கத்தில் இருந்தால் புரோகிராமே விழுந்துவிடும். அதற்காக 16-ன் மடங்கான முகவரியிலிருந்து 16, 32-ன் மடங்கிலிருந்து 32 என்று எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் 4096 பைட் பக்கத்தின் எல்லையை ஒருபோதும் தாண்டாது. எவ்வளவு பொறுமையாக யோசித்திருக்கிறார்கள்! அடுத்தவன் சமையல் என்று நான் இகழ்ந்தது இதைத்தான். இன்னொன்றும் தெரிந்தது. பைட் பைட்டாக நகலெடுக்கும் லூப்பை நாம் எழுதினால், இன்றைய கம்பைலர்கள் அதை அடையாளம் கண்டு பல சமயம் மெம்காப்பி என்ற இன்பில்ட் ஃபங்ஷன் அழைப்பாகவே மாற்றிவிடுகின்றன.

என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராயபுரத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போவார். 1983-ல் அங்கே கன்டெய்னர் முனையம் வந்தது. முதல்முறை அதைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார்: “நான் ஒரு மூட்டையை முதுவுல ஏத்திக் குனிஞ்சி நிமிர்றதுக்குள்ள அவன் பொட்டியோட தூக்கினு போய்ட்றான்மே.” அதில் பொறாமையும் இல்லை, மறுப்பும் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார். தன் முதுகின் வேலையைவிடப் பெரியது வந்துவிட்டது என்று சொல்ல அவருக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. எனக்கு இருபது வருடம்.

சோதனைக்கு எங்கள் ஊர்ப் பெயரையும் தமிழில் கொடுத்துப் பார்த்தேன். மணலி புதுநகர். ஸ்டர்லென் 37 என்றது, என் பாயிண்டரும் 37 என்றது. கண்ணால் எண்ணினால் எட்டு எழுத்தும் ஓர் இடைவெளியும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். லி என்பது ல ஒன்று, மேல்விலங்கு ஒன்று என இரண்டு குறி, ஆறு பைட். ஓர் எழுத்துக்கு ஒரே எண் என்ற டேஸ்16 முறையை யூனிகோடோடு சேர்த்து 2010-ல் தமிழக அரசு தரமாக அறிவித்தது இந்தச் சிக்கலை மனதில் வைத்துத்தான். புழக்கத்தில் நிலைத்தது யூனிகோடு. எது வேகம் என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டுமே நம் எழுத்தை எண்ணத் தெரியாதவை என்பதுகூட அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லாத பாடம்.

வேகம் என்பது எங்கே இருக்கிறது என்பதற்கு அதே 2021-ல் உலகம் பேசிய ஓர் உதாரணம் உண்டு. ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு திறக்க நிமிடக்கணக்கில் ஆகும். வெளியிலிருந்து ஒரு புரோகிராமர் அதைப் பிரித்துப் பார்த்தார். சுமார் 10 எம்பி பட்டியலை அது படிக்கிறது. ஒவ்வொரு சிறு துண்டை எடுக்கும்போதும் உள்ளே ஸ்டர்லென் ஓடி, மிச்சமிருக்கும் மொத்தத்தையும் கடைசிவரை அளந்துவிட்டு வருகிறது. அதையும் இன்னொரு வீண் தேடலையும் திருத்தியதும் அவர் மெஷினில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக ஆனது. உலகின் வேகமான ஸ்டர்லென்னாக இருந்தாலும் தேவையில்லாமல் கூப்பிட்டால் இதுதான் நடக்கும். அவர் செய்தது ஒன்றே ஒன்று. எங்கே நேரம் போகிறது என்று அளந்தார். என்னிடம் ஒரு பதினெட்டு வயதுப் பெண் கேட்டதும் அதைத்தானே?

அவள் நம்பரைத் தேடிப் பிடித்து ஃபோன் செய்தேன். இப்போது ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறாள். புரட்டாசித் தேரோட்டத்துக்கு மட்டும் எங்கள் ஊர் வைகுண்ட தர்மபதிக் கோயிலுக்கு வந்துபோவாளாம். நடந்ததைச் சொல்லி, நீ எழுதியதுதான் சரி, நான் போட்ட பூஜ்யம் தப்பு, ஓட்டிப் பார்த்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: “ஸ்டர்லென் போட்டேனா சார்? அது ஞாபகம் இல்லை. எல்லாரும் சிரிச்சாங்க, அதான் ஞாபகம் இருக்கு. இப்ப எங்க டீம்ல யாராச்சும் கேள்வி கேட்டா நான் சிரிக்க விடறதில்லை சார்.”

மன்னிச்சிரும்மா என்றேன். ஐயோ சார், அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்றாள். அந்த மரியாதை என்னை இன்னும் கீழே தள்ளியது.

கேட் ஆபரேட்டராக இருந்த தம்பியிடம் போக மேலும் எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். இரண்டு தடவை கடைவரை போய் ஆதார் நகல் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை, கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். ஸ்ட்ரக்சர், பைட் எல்லாம் அவனுக்கு எதற்கு? நீ சீல் நம்பர் அடித்தது உண்மை, என் புரோகிராம்தான் அழித்தது, அது எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்தும் உன் மேலேயே விட்டுவிட்டேன் என்றேன்.

அவன் மெஷினை நிறுத்தினான். “இன்னா சார் சொல்றீங்க” என்றான். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ஒரு வாரச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்து, அதோடு கூட்டி, ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதை மேஜைமேல் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

“எங்கப்பாகூட நம்பலை சார் அப்ப. நீ தூங்கிட்டிருப்பேன்னாரு.”

அப்பா இருக்கிறாரா என்று கேட்டேன். கொரோனாவில் போய்விட்டார் என்றான்.

பிறகு வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு டீ சொல்லட்டுமா என்று அவன்தான் என்னைக் கேட்டான். டீ வந்தது. பாதி குடித்துவிட்டுச் சொன்னான்: “எனக்கு ஒரு வாரச் சம்பளம் போச்சு. அந்த டிரைவரு நைட்டு பூரா கேட்டாண்டயே நின்னாரே சார். அவருக்கு யாரு சொல்வா?”

அந்த டிரைவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவனுக்கும் நினைவில்லை. வண்டி நம்பர் அன்றைய சீட்டில் இருந்தது. சீட்டின் நகல்களை யார்டு அந்த இடத்தைக் காலி செய்தபோதே எடைக்குப் போட்டுவிட்டார்கள். புரோகிராம் இருந்த ஃப்ளாப்பி மட்டும் என்னிடம் இருக்கிறது. தண்ணீர் புகுந்ததில் அதுவும் கெட்டுவிட்டது, இனி எந்த மெஷினும் அதைப் படிக்காது. கவரை அவன் கடைசிவரை எடுத்துக்கொள்ளவில்லை. நான் எழுந்தபோது என் சட்டைப் பையில் அவனே திரும்ப வைத்துவிட்டு, காத்திருந்த ஒருவரிடமிருந்து தாளை வாங்கி கண்ணாடிமேல் வைத்து மூடினான்.